இடையில் நின்ற வியாபாரி: பொஸ்டன் தேயிலையும் ஊவாக் கலகமும்



சென்ற மாதம் பதுளையில் என் கடைக்கு ஒரு வாலிபர் வந்தார். தோட்டக் கடைகளுக்குச் சாமான் போடுபவர். தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "நானா, அமெரிக்காவில வெள்ளைக்காரன் தேயிலைக்கு வரி கூட்டினதால தேயிலைப் பெட்டிய எல்லாம் கடலில கொட்டினாங்களாம். அப்படி எவ்வளவுதான் கூட்டினான்?"

"கூட்டவில்லை தம்பி. அந்த வருடம் தேயிலை விலை குறைந்தது" என்றேன். அவர் நம்பவில்லை. தேயிலை நாட்டில் கடை நடத்தும் நமக்கு இந்தக் கதையும், இதைப் போலவே நமது ஊவாவில் நடந்த இன்னொரு கதையும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டிலும் நடுவில் நிற்பவன் ஒரு வியாபாரி.

முதலில் அமெரிக்கா. அங்கே பிரித்தானியாவுக்கு 13 குடியேற்ற நாடுகள் இருந்தன. 1763இல் பிரான்சுடனான ஏழு வருட யுத்தம் முடிந்தபோது பிரித்தானியா வெற்றியோடு பெரும் கடனையும் சுமந்து நின்றது. அந்தச் செலவில் ஒரு பங்கை அமெரிக்காவிலிருந்து எடுக்க எண்ணி, 1765இல் முத்திரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். உறுதி, பத்திரிகை, அனுமதிப்பத்திரம் எல்லாவற்றுக்கும் முத்திரை வரி. லண்டன் பாராளுமன்றத்தில் அமெரிக்க மக்களுக்கு ஓர் ஆசனமும் கிடையாது. "எங்களைக் கேட்காமல் எங்கள் பையில் எப்படிக் கை வைப்பீர்கள்?" என்பதே அவர்களின் கேள்வி. வியாபாரிகள் பிரித்தானியச் சரக்கை இறக்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். லண்டன் வியாபாரிகளுக்கே நட்டம் வந்தது. 1766இல் சட்டம் வாபஸ்.

1767இல் கண்ணாடி, ஈயம், சாய வகை, கடதாசி, தேயிலை ஆகியவற்றுக்குப் புதிய வரி போட்டார்கள். மீண்டும் பகிஷ்கரிப்பு. 1770இல் மற்ற வரிகளை நீக்கிவிட்டு, தேயிலைக்கு இறாத்தலுக்கு 3 பென்ஸ் வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வருமானத்தைவிட, "வரி போடும் உரிமை எங்களுடையது" என்று காட்டுவதே நோக்கம்.

1773இல் கிழக்கிந்தியக் கம்பனி கடனில் மூழ்கியது. அதன் களஞ்சியங்களில் சீனத் தேயிலை விற்காமல் குவிந்து கிடந்தது. (நமது நாட்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல்தான்.) கம்பனியைக் காப்பாற்ற ஒரு சட்டம் வந்தது. அதுவரை கம்பனி லண்டனில் ஏலம் போட வேண்டும். அங்குள்ள வியாபாரி வாங்கி அனுப்புவான். அமெரிக்க வியாபாரி இறக்குவான். புதிய சட்டப்படி கம்பனி நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பலாம். அங்கே விற்பதற்குத் தானே சில முகவர்களைத் தெரிவு செய்யலாம். இடைச்செலவு போனதால், 3 பென்ஸ் வரியோடும் அந்தத் தேயிலை கள்ளத்தனமாக வந்த தேயிலையைவிட மலிவு.

வாடிக்கையாளனுக்கு இலாபம். ஆனால் நேர்வழியில் இறக்குமதி செய்தவன் முதல் கள்ளக்கடத்தல்காரன் வரை ஊர் வியாபாரி அத்தனை பேரும் ஒரே நாளில் வெளியே. பொஸ்டனில் முகவர்களாக நியமிக்கப்பட்டவர்களில் ஆளுநர் ஹட்சின்சனின் இரண்டு புதல்வர்களும் இருந்தார்கள். இன்றைக்குத் தேயிலை, நாளைக்கு வேறு எந்தச் சரக்கு என்று மற்றவர்கள் கணக்குப் போட்டார்கள். 1773 டிசம்பர் 16ஆம் திகதி இரவு 342 பெட்டித் தேயிலை பொஸ்டன் துறைமுகத் தண்ணீரில் போனது. நியூயோர்க்கிலும் பிலடெல்பியாவிலும் முகவர்கள் பொறுப்பை விட்டு விலகினார்கள். பொஸ்டன் முகவர்கள் விலகவில்லை. ஊரில் இருக்க முடியாமல் கடலிலுள்ள கோட்டையில் போய் ஒதுங்கினார்கள். 1775இல் யுத்தம், 1776 ஜூலை 4இல் சுதந்திரப் பிரகடனம்.

இனி நம் ஊருக்கு வருவோம். பொஸ்டனுக்கு 44 வருடங்களுக்குப் பிறகு அதே பிரித்தானியா ஊவாவில் அதே வகைத் தவறைச் செய்தது.

கண்டி இராச்சியத்தில் பொதி எருதுகளால் சாமான் கொண்டுசெல்லும் தவளம் முறை இருந்தது. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மேலே ஏறும். மலைநாட்டிலிருந்து பாக்கு கீழே இறங்கும். இந்தப் போக்குவரத்துக்கு 'மடிகே' என்று தனிப் பிரிவே உண்டு. அதில் நம்மவர்கள் பெருமளவில் இருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது அடைக்கலம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். அந்த நன்றியோடு நம் முன்னோர் சிங்களக் கிராமங்களுக்கிடையில் வாழ்ந்தார்கள். அந்தந்தப் பகுதித் திசாவையின் அதிகாரத்தின் கீழ் தொழில் செய்தார்கள்.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் ஏற்பட்டது. மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை நீக்கி, பிரதானிகள் நாட்டைப் பிரித்தானிய முடியிடம் ஒப்படைத்தார்கள். யுத்தத்தில் தோற்று அல்ல, பேசி, நிபந்தனை எழுதி ஒப்படைத்தார்கள். பௌத்த மதத்தைப் பேணுவோம், பிரதானிகளின் உரிமையையும் அதிகாரத்தையும் காப்போம், வழக்கச் சட்டங்களை மதிப்போம் என்று பிரித்தானியர் எழுத்தில் கொடுத்தார்கள்.

எழுத்து அப்படியே இருந்தது, நடப்பு மாறியது. முன்னர் திசாவையைக் கண்டால் ஊரே எழுந்து நிற்கும். இப்போது சாதாரணச் சிப்பாய்கூட அவரைக் கவனிக்காமல் நடந்து போனான். உண்மையான அதிகாரம் பிரித்தானிய அதிகாரியின் கையில் இருந்தது. கேட்காமலேயே உறுதியைத் திருத்தும் பங்காளியை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுதான் நடந்தது.

இந்த நிலையில் வெல்லஸ்ஸவில் ஒரு நியமனம். அங்குள்ள முஸ்லிம்களுக்கும் அவர்களின் தவளத் தொழிலுக்கும் பொறுப்பாக, தமக்கு விசுவாசமான ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாகப் பிரித்தானியர் நியமித்தார்கள். அதுவரை அந்த அதிகாரம் மில்லேவ திசாவையிடம் இருந்தது. அவரைக் கேட்கவில்லை. அரசாங்கத்துக்கு அது ஒரு சிறிய நிர்வாக ஏற்பாடு. திசாவைக்கோ அது பதவியும் வருமானமும் மரியாதையும் ஒன்றாகப் போன காரியம். ஊவாக் கலகத்தின் உடனடிக் காரணங்களில் ஒன்றாக வரலாற்று நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன.

1817இல் வெல்லஸ்ஸவில் ஒருவர் தாமே மன்னர் வம்சம் என்று உரிமை கோரினார். அவரைப் பற்றி விசாரிக்க ஹாஜி மரிக்கார் அனுப்பப்பட்டார். கலகக்காரர்களிடம் பிடிபட்டு உயிரிழந்தார். பின்னால் போன பதுளை அதிகாரி வில்சனும் செப்டெம்பரில் கொல்லப்பட்டார். கலகத்தை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல அதே கலகத்தின் தலைவரானார். 1818 கடைசி வரை யுத்தம். கிராமங்களும் நெற்களஞ்சியங்களும் எரிக்கப்பட்டன. இலட்சம் வயல் என்று பெயர் பெற்ற வெல்லஸ்ஸ பாழானது. 1818 நவம்பர் 26இல் கெப்பெட்டிபொல கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதற்கு ஐந்து நாட்களுக்கு முன் ஆளுநர் பிரவுன்றிக் வெளியிட்ட பிரகடனம், பிரதானிகளுக்கு மிச்சமிருந்த அதிகாரத்தையும் குறைத்து, நெல்லில் பத்திலொன்றை வரியாக்கியது.

இரண்டு கதையும் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. அமெரிக்கர் தமக்கென ஒரு குடியரசைக் கட்டினார்கள். கண்டியர் இழந்த முடியாட்சியை மீட்க முனைந்தார்கள். அவர்கள் வென்றார்கள், இவர்கள் தோற்றார்கள். ஆனால் தொடக்கம் ஒன்றுதான். மேலே இருப்பவன் கீழே உள்ளவர்களைக் கேட்காமல் ஏற்பாட்டை மாற்றுகிறான். மாற்றியதை நடத்த உள்ளூரில் ஒருவனைப் பிடிக்கிறான். கோபம் லண்டனுக்குப் போகாது. பக்கத்தில் நிற்பவன் மேல்தான் முதலில் விழும்.

ஹாஜி மரிக்காரை வைத்து "முஸ்லிம்கள் காட்டிக்கொடுத்தார்கள்" என்று சிலர் பேசுவதுண்டு. அது நியாயமல்ல. ஒருவர் பெற்ற பதவி ஒரு சமூகத்தின் முடிவு ஆகாது. மொல்லிகொட போன்ற பெரிய சிங்களப் பிரதானிகளும் அன்று பிரித்தானியர் பக்கம் நின்றார்கள். இதை நாம் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் நமக்குள் பேசும்போது பாடத்தையும் மறைக்கக் கூடாது.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன், ஓர் அரசியல் ஆளின் சிபாரிசால் சில தோட்டக் கடைகளுக்கு மாவும் சீனியும் போடும் வேலை எனக்கு மட்டும் கிடைத்தது. அதுவரை அதைச் செய்தவர்கள் இரண்டு சிங்கள முதலாளிமாரும் ஒரு தமிழ் முதலாளியும். நான் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு மாதம் நல்ல இலாபம். பிறகு ஆட்சி மாறியது, வேலையும் போனது. ஒரு மழை இரவில் பசறை வீதியில் என் லொறி பழுதாகி நின்றது. முன்பென்றால் அந்த மூவரில் யாருடைய லொறி வந்தாலும் நின்று பாதிச் சாமானை ஏற்றிக்கொள்ளும். அன்று இரண்டு லொறி வந்தது. நிற்கவில்லை. சீனி மூட்டை நனைந்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய நட்டம்.

ஆகவே சகோதரர்களே, ஏஜென்சி, பெர்மிட், டெண்டர் எது கையில் வந்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இது இதற்கு முன் யாருடைய கையில் இருந்தது? அவர் இதை விட்டாரா, அல்லது அவரிடமிருந்து பறித்தார்களா? கொடுத்தவர் நாளை இல்லாவிட்டால் நான் யாருடைய தெருவில் கடை வைத்திருப்பேன்?

முதலிரண்டுக்கும் விடை சரியில்லை என்றால் உடனே மறுக்கத்தான் வேண்டும் என்றில்லை. முதலில் அந்த மனிதரிடம் போய்ப் பேசுங்கள். ஒரு பங்கு கொடுக்க முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். உடன்படிக்கைகளைப் பேணும்படி மார்க்கம் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமையையும் நாம் அறிவோம். எழுதாத உடன்படிக்கைகளில் பெரியது, ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கு இடையில் உள்ளதுதான்.

அந்த மூவரில் ஒருவர் இன்று உயிரோடு இல்லை. மற்ற இருவரிடமும் நான் போய்ப் பேசிவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ், இப்போது லொறி நிற்கிறது.