தழும்பும் வருத்தமும்: அழகியல் அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் ஓராண்டு

வயிற்றின் தளர்ந்த தோலை அகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்மணி ஒருவர், நான்கு மாதங்களுக்குப் பின் என்னைப் பார்க்க வந்தார். இடையில் இரண்டு முறை வரவேண்டிய நாள்களில் அவர் வரவில்லை. காரணம் கேட்டபோது, "நோய் என்றால் வந்திருப்பேன் டாக்டர். இது நானாகத் தேடிப்போய்ச் செய்துகொண்டது. வலிக்கிறது என்று யாரிடம் சொல்வது?" என்றார். இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை நீண்டிருந்த தழும்பு தடித்துச் சிவந்து, உறங்க விடாத அரிப்புடன் இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்திருந்தால் அதைக் கட்டுப்படுத்துவது எளிதாக இருந்திருக்கும்.

அவருக்கு அறுவை செய்தவன் நானே. தழும்பு இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தேன். ஆனால், அது ஓராண்டு முழுவதும் எப்படியெல்லாம் மாறும், எப்போது என்னைத் தேடி வரவேண்டும் என்பதைப் போதிய அளவு விளக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை, அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தழும்பு முதிரும் காலம்

தோலின் முழு ஆழத்துக்கும் செல்லும் எந்த வெட்டும் தழும்பின்றி ஆறுவதில்லை. வயிற்றுத் தோலைக் குறைக்கும் அறுவையில் தழும்பு அடிவயிற்றில் இடுப்புக்கு இடுப்பு நீளும். பெரும்பாலும் தொப்புளைச் சுற்றியும் ஒன்று இருக்கும். உள்ளாடைக்குள் மறையுமாறு அதை அமைக்க முயல்கிறோம். மறைக்க இயலுமே தவிர, இல்லாமல் செய்ய இயலாது.

தையல் பிரித்த இரண்டாம் வாரத்தில் தழும்பு மெல்லிய கோடாகத் தெரியும். பலரும் இதுவே இறுதி நிலை என்று மகிழ்கிறார்கள். ஆனால் அப்போதுதான் உடல் அந்த இடத்தில் கொலாஜன் என்னும் புரத இழைகளை விரைந்து நெய்யத் தொடங்குகிறது. ஆகவே அடுத்த சில மாதங்களில் தழும்பு சிவந்து, கெட்டியாகி, சற்றே மேடாகும். நம் நிறத்தில் அது கரும்பழுப்பாகவும் தெரியலாம். பின்னர் அந்த இழைகள் சீரமைக்கப்பட்டு, தழும்பு மெல்ல மெல்லத் தட்டையாகி மங்குகிறது. இதற்கு 12 முதல் 18 மாதங்கள் ஆகும். முழுமையாக முதிர்ந்த பின்னரும், தழும்பின் வலிமை இயல்பான தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காடே.

எனவே மூன்றாம், நான்காம் மாதங்களில் கண்ணாடியில் காணும் தழும்பு, வாழ்நாள் முழுவதும் இருக்கப்போகும் தழும்பு அன்று. அடிவயிற்றில் மரத்துப்போன உணர்வும் வீக்கமும் பல மாதங்கள் நீடிப்பதும் இயல்பே. மரப்பு சிலருக்கு ஓரளவு நிலைத்தும் விடலாம்.

இரு வகைத் தடிப்பு

தடித்த தழும்புகள் எல்லாம் ஒன்றல்ல. முதல் வகை, வெட்டின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது. இது பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள் தோன்றும். காலப்போக்கில் தானாகவே ஓரளவு அடங்கவும் கூடும். இரண்டாவது கெலாய்டு. இது வெட்டின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள்ளும் பரவும். பல மாதங்கள் கழித்தும் தோன்றலாம். தானாக அடங்குவது அரிது. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. பக்கவாட்டில் கால் நீட்டும் அதன் இயல்புக்குப் பொருத்தமான பெயர்தான்.

கருநிறத் தோல் உடையவர்களிடமும், குடும்பத்தில் எவருக்கேனும் கெலாய்டு இருப்பவர்களிடமும் இது மிகுதி. காது குத்திய இடமோ பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடமோ முன்பு தடித்திருந்தால், அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். சிசேரியன் தழும்பு எப்படி ஆறியது என்பதும் பயனுள்ள தகவல். கெலாய்டை வெட்டி எடுப்பது மட்டும் தீர்வாகாது. வேறு சிகிச்சையும் சேராவிட்டால் அது பெரும்பாலும் மீண்டும் வளரும்.

என்ன செய்யலாம்?

• புண் முழுவதும் மூடிய பிறகு, சிலிக்கான் ஜெல் அல்லது சிலிக்கான் பட்டையைப் பயன்படுத்தலாம். பட்டையை நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதங்களேனும் அணிய வேண்டும்.

• மருத்துவர் அனுமதித்த பின் தழும்பை மென்மையாக அழுத்தித் தேய்த்து விடலாம்.

• பாவாடை நாடாவை இறுகக் கட்டினால் அது தழும்பின் மீது உராயும். சில மாதங்களுக்குத் தளர்வான பருத்தி ஆடையே நல்லது.

• பொதுவாக முதல் 6 வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை போன்ற சுமைகளைத் தூக்கவேண்டாம். புகைபிடித்தல் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

• எலுமிச்சைச் சாறு, மஞ்சள் விழுது முதலியவற்றைப் புதிய புண்ணில் இடாதீர்கள். வைட்டமின் ஈ எண்ணெயால் உறுதியான பயன் இல்லை. சிலருக்கு ஒவ்வாமைத் தடிப்பும் வரும்.

தடிப்பு கூடிக்கொண்டே போனால், தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசியைச் சில வார இடைவெளியில் செலுத்துகிறோம். சிலருக்கு லேசர் உதவும். தழும்பைத் திருத்தும் மறு அறுவையைப் பொதுவாக ஓராண்டு கழித்தே பரிந்துரைப்போம். அவசரப்பட்டு வேறோர் இடத்தில் உடனே மீண்டும் வெட்டிக்கொள்வது, முதிராத தழும்பின் மேல் இன்னொரு தழும்பை ஏற்றுவதாகவே முடியும்.

காய்ச்சல், சீழ், தையல் விடுதல், தோல் கருத்துப்போதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே வாருங்கள். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி இவற்றில் எது வந்தாலும் உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும்.

வருத்தம் என்னும் மற்றொரு புண்

முதல் சில வாரங்களில், வலியும் வீக்கமும் உறக்கமின்மையும் சேர்ந்து, "ஏன் செய்துகொண்டேன்" என்ற எண்ணத்தை எழுப்புவது வழக்கம். உடல் தேறும்போது பெரும்பாலோருக்கு இது தணியும். சிலருக்குத் தணிவதில்லை. அவர்களில் சிலர் உண்மையிலேயே மோசமாக ஆறிய தழும்பால் துன்புறுகிறார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. வேறு சிலர், வயிறு குறைந்தால் இல்லற மனக்கசப்பும் தீரும் என்று நம்பியிருப்பார்கள். அந்த நம்பிக்கையை எந்தக் கத்தியாலும் நிறைவேற்ற முடியாது. இன்னும் சிலருக்கு, பிறர் கண்ணுக்குத் தெரியாத குறை நாள் முழுவதும் மனத்தை ஆட்கொள்ளும். இது மனநல மருத்துவம் தேவைப்படும் நிலை. மேலும் அறுவைகள் இவர்களுக்கு நிறைவு தருவது அரிது.

மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உறக்கமும் பசியும் குன்றினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். மைய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.

குடும்பத்தாருக்கு

"நீயாக இழுத்துவிட்டுக்கொண்டதுதானே" என்ற சொல் வேண்டாம். அச்சொல் கேட்டவர் அடுத்த முறை சீழ் வந்தாலும் சொல்லமாட்டார். "ஒன்றுமே தெரியவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்ற பொய்யான ஆறுதலும் வேண்டாம். தழும்பைப் பாருங்கள், மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுக்க உதவுங்கள். நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தை அப்படங்கள் காட்டும். மறுபரிசோதனைக்கு உடன் வாருங்கள்.

முதலில் குறிப்பிட்ட பெண்மணிக்கு ஸ்டீராய்டு ஊசியும் சிலிக்கான் பட்டையும் அளித்தோம். முதலில் அரிப்பு நின்றது. பின்னர் தடிப்பு குறைந்தது. ஓராண்டு முடிவில் தழும்பு மறைந்துவிடவில்லை. தட்டையாகி, மங்கி, உறுத்தாமல் இருந்தது. "மறுபடியும் கேட்டால் செய்துகொள்வேனா என்று தெரியவில்லை" என்றார் அவர். அதை மறுத்துப் பேச எனக்குத் தோன்றவில்லை. ஆனால், வரவேண்டிய நாள் எதையும் அதன்பின் அவர் தவறவிடவில்லை.

அறுவையை விரும்பிச் செய்துகொண்டவருக்கும், நோயால் செய்துகொண்டவருக்கும் புண் ஒரே விதமாகத்தான் ஆறுகிறது. எங்களிடம் வருவதற்கு இருவருக்கும் உள்ள உரிமையும் ஒன்றே. குறித்த நாளில் வாருங்கள். தவறவிட்டிருந்தால், இன்றே வாருங்கள்.