பாறையின் பிறந்தநாள்

பாறைக்கும் வயது சொல்ல முடியுமா? முடியும்!

கனடாவின் வடமேற்கே, ஸ்லேவ் கிரேட்டான் என்னும் பழம்பெரும் நிலத்திட்டின் ஓரத்தில், அகாஸ்டா ஆற்றுப் பகுதியில் வெளுப்பும் கறுப்புமாய் வரியோடிய நைஸ் பாறைகள் இருக்கின்றன. நெருப்புக் குழம்பு இறுகிப் பிறந்தவை அவை. பின்பு பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பிசைந்ததில் உருமாறின.

உருவம் மாறினாலும் வயதை மறைக்க முடியவில்லை. காரணம், உள்ளே இருக்கும் சிர்க்கான் என்ற பொடிப் படிகம். அது உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை ஏற்காது. அப்படியானால் இன்று அதில் உள்ள ஈயம்? பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம், ஈயம் இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும்.

படிகத்தின் நடுப்பகுதி பாறை பிறந்த காலத்தைச் சொல்லும். அதைச் சுற்றிப் பின்னர் வளர்ந்த விளிம்பு, உருமாறிய காலத்தைச் சொல்லும்.

அகாஸ்டா பாறைக்கு 1989-இல் கணித்த வயது 396 கோடி ஆண்டுகள். 1999-இல் அது 403 கோடியாக உயர்ந்தது. பூமிக்கே வயது சுமார் 454 கோடிதான்!