கடைசி வரிசைக்குப் பாட்டு எப்போது வந்து சேரும்?

கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் 2023 ஜனவரி 28-ஆம் தேதி ஏ. ஆர். ரஹ்மான் கச்சேரி நடந்தது, நினைவிருக்கிறதா? அதற்கு அடுத்த வாரம், மலாக்காவில் உள்ள எங்கள் பாயா ரும்புட்டில் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"மாமா, நாங்க ரொம்பப் பின்னால மேல உட்கார்ந்திருந்தோம். பெரிய திரையில டிரம்ஸ்காரர் குச்சியால அடிச்சிடுறாரு. அப்புறமாத்தான் எனக்கு 'டம்'முனு கேட்குது. ஏன் மாமா?"

அத்தனை ஆயிரம் பேர் அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஏன் என்று கேட்டவள் இவள். நீயும் இவளைப் போலக் கேள்வி கேட்கிற பிள்ளைதான் என்று எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டாய். வா, பக்கத்தில் உட்கார்.

முதலில் ஒரு விஷயம். வெளிச்சம் ஒரு வினாடியில் ஏறக்குறைய 300,000 கிலோமீட்டர் ஓடிவிடும். திரையில் தெரியும் படம் உன் கண்ணுக்கு வந்து சேர ஆகிற நேரம் நேரமே இல்லை. ஒலி அப்படி இல்லை. அது காற்றைத் தள்ளித் தள்ளித்தான் நகர வேண்டும். காற்றின் வெப்பம் 0 பாகை செல்சியஸாக இருந்தால் ஒலி ஒரு வினாடிக்கு 331 மீட்டர் போகும். வெப்பம் ஒரு பாகை ஏறினால் வேகமும் 0.6 மீட்டர் ஏறும். நம் ஊர் மாலைப் பொழுதுக்கு 30 பாகை என்று வைத்துக்கொண்டு நீயே கணக்குப் போட்டுப் பார். 349 வருகிறதா? கெட்டிக்காரப் பிள்ளை! கணக்குக்கு எளிதாக இருக்கட்டும், 350 என்றே வைத்துக்கொள்வோம்.

பள்ளி விளையாட்டுப் போட்டியில் இதை நீ பார்த்திருக்கலாம். 100 மீட்டர் ஓட்டத்தைத் துப்பாக்கி வெடித்துத் தொடங்கி வைப்பார்கள். மறுமுனையில் நேரம் எடுக்கும் ஆசிரியர் வெடிச் சத்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. புகை தெரிந்ததுமே கடிகாரத்தை அழுத்த வேண்டும். சத்தம் அவரிடம் வந்து சேர 0.29 வினாடி ஆகிவிடும். ஓட்டப் பந்தயத்தில் அது பெரிய வித்தியாசம்.

இப்போது அந்தச் சிறுமியின் இருக்கைக்கு வருவோம். மேடையிலிருந்து அவள் 175 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், மேடையிலிருந்து கிளம்பும் சத்தம் அவளிடம் வர அரை வினாடி ஆகும். கண் அதற்குள் பார்த்து முடித்துவிடுகிறது. எந்தக் கருவியும் கெட்டுப்போகவில்லை. அவள் பார்த்தது இயற்கையின் ஒரு பெரிய உண்மை.

இந்த உண்மையை நான் முதன்முதலில் உணர்ந்தது 1996-ஆம் ஆண்டில், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில். 1957 ஆகஸ்ட் 31-ஆம் தேதி துங்கு அப்துல் ரஹ்மான் நம் நாட்டின் சுதந்திரத்தை முழங்கிய அதே அரங்கம்தான். 1996 அக்டோபர் 27, 29 ஆகிய இரண்டு நாட்கள் அங்கே மைக்கேல் ஜாக்சன் பாடி ஆடினார். நான் அப்போது இளைஞன். நண்பர்களோடு மலாக்காவிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

மேடையில் அவர் எனக்கு விரல் நகம் அளவுதான் தெரிந்தார். ஆனாலும் இரண்டு விஷயங்கள் இன்றுவரை மறக்கவில்லை. ஒன்று, என் கையில் இருந்த தண்ணீர் போத்தல். தாளம் விழும்போதெல்லாம் போத்தல் என் விரல்களுக்குள் அதிர்ந்தது. உள்ளே தண்ணீரின் மேல்பரப்பு சிலிர்த்துச் சிலிர்த்து அடங்கியது. காற்று தள்ளுகிறது, போத்தல் நடுங்குகிறது. ஒலி என்பது தள்ளுதல்தான் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். அன்றைக்குத்தான் கையில் பிடித்துப் பார்த்தேன்.

இரண்டாவது, கைத்தட்டல். எல்லோரும் தாளத்துக்குத் தட்டினோம். எதிர்ப்பக்கம் இருந்த கூட்டத்தைப் பார்த்தால் அவர்களின் கைகள் எங்கள் கைகளோடு ஒத்துப்போகவே இல்லை. நாங்கள் தட்டும்போது அவர்கள் கையை விரித்திருந்தார்கள். அவர்களுக்குத் தாளம் தெரியாது என்றா நினைக்கிறாய்? இல்லை, கண்ணு. மேடைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தாளம் முதலில் போகிறது, அவர்கள் முதலில் தட்டுகிறார்கள். தள்ளி இருப்பவர்களுக்குப் பிறகு போகிறது, அவர்கள் பிறகு தட்டுகிறார்கள். அவரவர் காதுக்கு வந்த தாளத்துக்கு எல்லோரும் சரியாகத்தான் தட்டுகிறார்கள். ஒரே பாட்டை ஓர் அரங்கமே கேட்கிறது, ஆனால் ஒரே நொடியில் கேட்பதில்லை. அடுத்த முறை போனால் பாட்டை மட்டும் கேட்காதே, கூட்டத்தின் கைகளையும் பார். எனக்கு அந்தக் காட்சி பாட்டைவிடப் பிடித்திருந்தது.

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் கைத்தட்டல் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

இவ்வளவு பெரிய இடத்தில் எல்லோருக்கும் பாட்டுக் கேட்க வைப்பது லேசான வேலை இல்லை. 1965 ஆகஸ்ட் 15-ஆம் தேதி நியூயார்க் நகரின் ஷே அரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினார்கள். 55,600 பேர் கூடினார்கள். ஒரு ராக் குழுவுக்கு அவ்வளவு கூட்டம் அதற்கு முன் கூடியதில்லை. ஆனால் அங்கே இருந்தவை பேஸ்பால் ஆட்டத்தில் அறிவிப்புச் செய்யும் ஒலிபெருக்கிகள். கூட்டம் போட்ட கூச்சலில் பாட்டு மூழ்கிப்போனது. பாடியவர்களுக்கே தங்கள் குரல் சரியாகக் கேட்கவில்லை! அந்தக் காலத்துக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார், முன்னால் நிற்கும் தோழர்களின் தலையசைவையும் கால் அசைவையும் பார்த்துத்தான் பாட்டு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டாராம்.

அதன்பின் பொறியாளர்கள் யோசித்தார்கள். அவர்கள் யோசித்ததை நாமும் யோசிப்போம்.

ஒலி போகப் போகப் பரவி மெலியும். தூரம் இரண்டு மடங்கானால் அதன் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. சரி, ஒலிபெருக்கியைத் தரையில் வைத்தால் என்ன ஆகும்? முதல் வரிசைக்காரர் 5 மீட்டரில் இருக்கிறார். கடைசி வரிசைக்காரர் 150 மீட்டரில் இருக்கிறார். 30 மடங்கு தூரம். 30-ஐ 30-ஆல் பெருக்கு. 900! கடைசிக்காரருக்குப் போவது 900-இல் ஒரு பங்கு. அவருக்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினால் முன்னால் இருப்பவரின் காது என்னாகும்?

அதே ஒலிபெருக்கியை 15 மீட்டர் உயரத்தில் தொங்கவிடு. இப்போது முதல் வரிசைக்கும் அது கிட்டத்தட்ட 16 மீட்டர் தள்ளிப் போய்விட்டது. கடைசி வரிசைக்கு 150 மீட்டர் தூரம் அப்படியேதான் இருக்கிறது. வித்தியாசம் 900 மடங்கிலிருந்து 90 மடங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. தூக்கிக் கட்டியதுதான், வேறு ஒன்றும் செய்யவில்லை! இன்றைக்கு மேடையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பெட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, கீழே வர வர உள்பக்கம் வளைந்து தொங்குவதைப் பார்க்கிறாய் அல்லவா? மேலே உள்ள பெட்டிகள் தூரத்து இருக்கைகளைப் பார்த்திருக்கும். கீழே வளைந்தவை கிட்டத்து இருக்கைகளைப் பார்த்திருக்கும்.

அதுவும் போதாத இடங்களில், திடலின் நடுவே கோபுரம் நிறுத்தி அதில் இன்னும் சில ஒலிபெருக்கிகளைக் கட்டுவார்கள். இங்கேதான் ஒரு வேடிக்கையான சிக்கல் வரும். கவனமாகக் கேள்.

கோபுரம் மேடையிலிருந்து 70 மீட்டரில் இருக்கிறது. பாட்டு கம்பி வழியாகக் கோபுரத்துக்கு உடனே போய்விடும். ஆனால் மேடையிலிருந்து காற்று வழியாக வரும் அதே பாட்டு 70 மீட்டரைக் கடக்க 0.2 வினாடி ஆகும். கோபுரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை கேட்பார். பாட்டு குழம்பிவிடும்.

என்ன செய்யலாம்? பாயா ரும்புட்டிலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கு அண்ணன் நடந்து போகிறான், தம்பி மோட்டாரில் போகிறான் என்று வைத்துக்கொள். இருவரும் ஒன்றாக ஆலய வாசலை மிதிக்க வேண்டுமானால், தம்பி வீட்டிலேயே கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் மோட்டாரை எடுக்க வேண்டும். அதேதான் இங்கேயும். கோபுரத்துக்குப் போகும் பாட்டை ஒரு கருவி 0.2 வினாடி பிடித்து வைத்துப் பிறகு விடுகிறது.

உண்மையில் பொறியாளர்கள் அதைவிட ஒரு துளி கூடுதலாகவே பிடித்து வைப்பார்கள். 0.01 வினாடி, 0.02 வினாடி, அவ்வளவுதான். ஏன் தெரியுமா? ஒரே சத்தம் இரண்டு பக்கத்திலிருந்து மிகக் குறைந்த இடைவெளியில் வந்தால், நம் மூளை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, முதலில் வந்த பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று முடிவு செய்துவிடும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் இதை ஆராய்ந்து 1949-இல் எழுதினார். அதனால் மேடைச் சத்தம் முதலில் தொட்டுவிட்டால் போதும். பக்கத்துக் கோபுரம் எவ்வளவு பாடினாலும், மேடையில் இருக்கும் பாடகரிடமிருந்தே பாட்டு வருவதாக நமக்குத் தோன்றும். எவ்வளவு அழகான ஏற்பாடு, பார்! இரவு ஏறி காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகமும் சற்றுக் குறையும். கவனமான பொறியாளர் அதற்கேற்ப இந்தக் கணக்கையும் திருத்துவார்.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே குருபோங்கில் ஹங் ஜெபாட் அரங்கம் இருக்கிறது. அங்கே பெரிய நிகழ்ச்சி நடந்தாலோ, மாசி மகத்தில் உறுமி மேளம் முழங்கினாலோ, நம் வீட்டுக்குள் என்ன கேட்கும்? பாட்டின் சொல் கேட்காது. 'தும், தும்' மட்டும் கேட்கும். தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. வினாடிக்கு 50 முறை அதிரும் ஒலிக்கு ஓர் அலையின் நீளம் 7 மீட்டர். அது வீட்டைச் சுற்றி, செம்பனை மரங்களைச் சுற்றி வளைந்து வந்துவிடும். வினாடிக்கு 5,000 முறை அதிரும் கீச்சொலிக்கு அலை நீளம் 7 சென்டிமீட்டர்தான். சுவர் அதைத் தடுத்துவிடும். வழியில் காற்றே அதை அதிகமாக விழுங்கியும் விடும். ஒரு சொல்லைத் தெளிவாகக் காட்டும் 'ச', 'ட' போன்ற ஒலிகள் இந்தக் கீச்சுப் பக்கத்தில்தான் நிறைய இருக்கின்றன. அதனால்தான் தாளம் வீடு வரை வருகிறது, சொல் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இனி நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் முக்கியம். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்.

மெர்டேக்கா அரங்கிலிருந்து திரும்பிய இரவு முழுக்க என் காதில் 'ஙொய்' என்று ஒரு ரீங்காரம். மறுநாள்தான் அது அடங்கியது. அந்த ரீங்காரம் காது போடுகிற முறையீடு. உன் காதுக்குள், நத்தைக்கூட்டு வடிவில் சுருண்ட ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி வந்து தள்ளும்போது அவற்றின் நுனி சாயும். உடனே மூளைக்குச் செய்தி போகும். மிகப் பெரிய சத்தம் நெடுநேரம் அடித்தால் அவை சோர்ந்துவிடும். இன்னும் அடித்தால் செத்துவிடும். கோழிக்குஞ்சுக்குக் கூட அவை மறுபடி முளைக்கும். மனிதருக்கு முளைக்காது.

சத்தத்தை டெசிபெல் என்ற அலகில் அளப்பார்கள். 85 டெசிபெல் சத்தத்தில் ஒருவர் ஒரு நாளில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது ஒரு பாதுகாப்புக் கணக்கு. 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு 4 மணி நேரம். அப்படியே ஏறிப் போய் 100 டெசிபெல்லில் நின்று பார். 15 நிமிடம்தான் மிஞ்சும். ராக் கச்சேரிகள் எளிதாக 100-ஐ எட்டிவிடும். இசை நிகழ்ச்சிகளின் சராசரிச் சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது.

அதற்காகக் கச்சேரிக்குப் போகாதே என்று நான் சொல்லவே மாட்டேன். போ, ஆசை தீரக் கேள். மருந்தகத்தில் விற்கும் நுரை அடைப்பானை விரல்களுக்கிடையே மெல்லியதாக உருட்டு. காது மடலை மேல்நோக்கி இழுத்து, அடைப்பானை உள்ளே வைத்து, அது விரியும் வரை விரலால் பிடித்துக்கொள். அம்மாவோ அப்பாவோ முதல் முறை உதவட்டும். பாட்டு நன்றாகவே கேட்கும், கூர்மை மட்டும் தணியும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்காதே. இடையில் கொஞ்ச நேரம் வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடு. மடியில் தூங்கும் தம்பிப் பாப்பாவுக்குக் காதை மூடும் கவசம் போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துச் சொல்.

சரி, இப்போது உனக்கு ஒரு வேலை. புக்கிட் ஜாலிலில் ஒரு கச்சேரி. மேடையில் டிரம்ஸ் மைக்கிலிருந்து நேராகப் பழைய வகை வானொலியில் ஒலிபரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள். கைப்பேசி நேரலை பல வினாடி பிந்தி வரும், அதைக் கணக்கில் சேர்க்காதே. வானொலி அலை வெளிச்சத்தின் வேகத்தில் ஓடும். உன் அண்ணன் அரங்கத்தில், மேடையிலிருந்து 175 மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் கோபுரம் எதுவும் இல்லை. நீயோ நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, பாயா ரும்புட்டில் வானொலிக்குப் பக்கத்தில் இருக்கிறாய். டிரம்ஸில் ஓர் அடி விழுகிறது. அதை முதலில் கேட்பவர் யார், எவ்வளவு முன்னால்? காகிதம், பென்சில் எடுத்துக்கொள். விடையோடு கணக்குப் போட்ட வழியையும் எழுதி உன் அறிவியல் ஆசிரியரிடம் காட்டு.