மலைப் பச்சையும் மரப் பழுப்பும்

மழை விட்ட காலையில் கல்வராயன் மலையில் எடுத்த படம் கணினித் திரையில் பளபளக்கிறது. அதையே வீட்டு பிரிண்டரில் போட்டால் தளிர்ப் பச்சை மங்கி, பழுப்படித்து வருகிறது. இங்க் மட்டமானது என்று பலரும் வேறு பாட்டில் வாங்கி ஊற்றிப் பார்க்கிறார்கள். குறை பெரும்பாலும் அங்கே இல்லை.

திரை தானே ஒளிர்வது. காகிதத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. அறை வெளிச்சம் இங்க் படலத்தைக் கடந்து, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்ப வேண்டும். வழியில் சயான் சிவப்பை விழுங்குகிறது, மஞ்சள் நீலத்தை விழுங்குகிறது, மிஞ்சுவது பச்சை. நான்கு இங்க் பிரிண்டரில் அச்சான இலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சயான் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் பக்கம் பக்கமாகவும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடக்கும். பச்சை இங்க் ஒரு சொட்டுகூட அங்கே விழுந்திருக்காது. சயான் சிவப்பை மட்டும் விழுங்கினால் நமக்குக் கவலையே இல்லை. நடைமுறையில் அது பச்சையிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. திரையில் தெரியும் சில பச்சைகளை இந்த இங்க்குகளால் எட்டவே முடியாமல் போவது இதனால்தான்.

படக்கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள்தான் இருக்கும். அந்த எண்கள் எந்தப் பச்சையைக் குறிக்கின்றன என்பது அளவுகோலைப் பொறுத்தது. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி ஒன்று; 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி இன்னொன்று. இரண்டாவதில் எடுத்ததை முதலாவதாக எண்ணி அச்சிட்டால் படமே வெளிறிவிடும். இப்படிப்பட்ட குழப்பத்துக்கு முடிவுகட்டத்தான் அடோபி, ஆப்பிள், கோடாக் முதலிய நிறுவனங்கள் 1993இலேயே கூடி ஐசிசி என்ற அமைப்பைத் தொடங்கின. அது வகுத்த ‘புரொஃபைல்’, இந்த பிரிண்டரில் இந்த இங்க்கை இந்தப் பேப்பரில் போட்டால் எந்த எண்ணுக்கு எந்த நிறம் விழும் என்று சொல்லும் பட்டியல்.

எட்டாத நிறங்களை என்ன செய்வது? ‘பெர்செப்சுவல்’ என்ற முறை எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கி, இலைக்கு இலை உள்ள வித்தியாசத்தைக் காப்பாற்றும். ‘ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்’ எட்டுகிற நிறங்களை அப்படியே விட்டு, எட்டாதவற்றை மட்டும் எல்லைக்கு இழுக்கும். மலைக்காட்டுக்கு முதலாவதும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு இரண்டாவதும் பொருந்தும் என்பது என் கருத்து. பச்சை சற்றுப் பிசகினால் கண் பொறுத்துக்கொள்ளும். மரப் பழுப்பிலும் மனித முகத்திலும் மஜெண்டா இம்மி கூடினாலும் உடனே உறுத்தும். சிற்பத்தைப் படம் காட்டி விற்பவருக்கு இது பிழைப்பு சம்பந்தப்பட்டது.

இன்னொன்று: மென்பொருள் நிறத்தைத் திருத்தினால் பிரிண்டர் செட்டிங்ஸில் கலர் கரெக்‌ஷனை நிறுத்திவிட வேண்டும். இரண்டும் திருத்தினால் முகமெல்லாம் சிவந்துவிடும்.

பேப்பருக்கு வருவோம். கல்வராயன் காடுகளில் பொறுக்கும் கடுக்காய்க்கு இதில் தூரத்து உறவு உண்டு. கலம்காரித் துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைப்பார்கள். அதன் துவர்ப்பு நூலில் ஏறினால்தான் இரும்புக் கரைசல் கருப்பாகப் பிடிக்கும். சிவப்புக்குப் படிகாரம், அதிலுள்ள அலுமினியம் சாயத்தைப் பிடித்து நிறுத்தும். அதேபோல் இங்க்கைப் பிடித்து நிறுத்தத்தான் இன்றைய போட்டோ பேப்பர் பலவற்றின் மேற்பூச்சில் சிலிக்காவோ அலுமினாவோ நுண்துகளாக இருக்கிறது. அந்த இடுக்குகளில் இங்க் தங்குகிறது. சாதாத் தாளிலோ இங்க் நாரோடு ஊறிப் பரவி, நிறம் செத்துவிடும். எவ்வளவு இங்க் விடலாம் என்பதைச் செட்டிங்ஸில் நாம் தரும் பேப்பர் வகையை வைத்தே பிரிண்டர் முடிவு செய்கிறது. அதை மாற்றிக் கொடுத்தால் எந்தப் புரொஃபைலும் உதவாது.

திரையின் பிரைட்னஸைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா அளவுக்குக் குறைத்துக்கொண்டால், அச்சு இருட்டாக வருகிறது என்ற புகார் பாதி தீரும். அச்சைப் பார்க்க 5000 கெல்வின் வெளிச்சம் என்பது உலக அச்சுத்துறையின் வழக்கம். நம் வீடுகளின் வெள்ளை எல்இடி பல்புகள் பல 6500 கெல்வின், அதாவது நீலம் கூடியவை. போட்டோ பேப்பர் பலவற்றில் புற ஊதாக் கதிரை நீல ஒளியாக்கும் வெண்மையூட்டி கலந்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் அது வேலை செய்யும். புற ஊதா ஏறக்குறைய இல்லாத எல்இடியில் அதே தாள் மஞ்சளித்துத் தெரியும். ஆகவே இரவில் பார்த்துவிட்டு உடனே நிறத்தை மாற்றாதீர்கள். இங்க் நன்றாகக் காயட்டும். மறுநாள் வெயில் நேரே படாத ஜன்னலோரம் சிற்பத்தின் அச்சை வைத்து, பக்கத்தில் அந்தச் சிற்பத்தையே நிறுத்திப் பார்த்தபின் மஜெண்டாவைக் கூட்டலாம், குறைக்கலாம்.