மேலேறாத குறை
தேயிலைத் தோட்டத்தில் துரையின் உத்தரவு எளிதில் கீழே வரும். தொழிலாளியின் குறை மேலே செல்வது அரிது. இதனை மடுல்சீமை நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. விமானங்களுக்கு வழிகாட்டுவோரின் வரலாறும் இத்தகையதே.

1981 ஆகஸ்ட் 3ஆம் நாள், அமெரிக்காவில் சுமார் 13,000 விமானக் கட்டுப்பாட்டாளர்கள், சட்டம் தடுத்திருந்தும், சம்பள உயர்வும் வாரம் 32 மணிநேர வேலையும் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். 48 மணிநேரத்திற்குள் திரும்புமாறு கட்டளையிட்ட ஜனாதிபதி ரேகன், திரும்பாத 11,000க்கும் மேற்பட்டோரை நீக்கினார். சங்கமும் அங்கீகாரம் இழந்தது.

ஆயினும் மனக்கசப்பு நீங்கவில்லை. 1982இல் ஆராய்ந்த குழு, மேலதிகாரிகளின் அதிகாரப் போக்கையும் காரணமாகக் காட்டியது. 1987இல் புதிதாக வந்தோரும் சங்கம் அமைத்தனர். ஆளை மாற்றலாம்; செவிசாய்க்காத நிருவாகம் மாறாதவரை குறை மாறாது.