கம்பிவட டமாஸ்கஸ் எஃகு

கம்பிவட டமாஸ்கஸ் எஃகு என்பது, பாரந்தூக்கிகள், சுரங்கங்கள், மரம் வெட்டும் தொழில் முதலியவற்றில் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட எஃகுக் கம்பிவடங்களைக் கொல்லுலையில் சூடாக்கி, அடித்து, ஒரே கட்டியாகப் பற்றவைத்துப் பெறப்படும் கோலமுள்ள எஃகு ஆகும். மெருகிட்ட பின் இதனைப் பெரிக் குளோரைடுக் கரைசலில் அமிழ்த்தினால், பாம்புத் தோலையோ மீன் செதிலையோ ஒத்த கோலம் மேற்பரப்பில் தோன்றும். இவ்வெஃகு பெரும்பாலும் கத்திகள் செய்யப் பயன்படுகின்றது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் கத்திக் கொல்லர்களிடையே இம்முறை பரவியது.

ஒரு வடத்தில் உள்ள கம்பிகள் பொதுவாக ஏறத்தாழ ஒரே வகை எஃகால் ஆனவை. அவ்வாறாயின் கோலம் எங்கிருந்து வருகின்றது என்ற கேள்வி எழுகின்றது. இதற்கான விடையே, இவ்வெஃகின் தரம் பற்றிய விவாதத்துக்கும் அடிப்படையாக உள்ளது.

பெயர்

"டமாஸ்கஸ் எஃகு" என்னும் பெயர் இரு வேறு பொருள்களுக்கு வழங்கி வருகின்றது. முதலாவது, மூசையில் உருக்கிப் பெறப்பட்ட, ஏறத்தாழ 1.5 விழுக்காடு கரிமம் கொண்ட பழைய எஃகு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உற்பத்தியான இவ்வகை எஃகு ஐரோப்பியரால் "ஊட்சு" என அழைக்கப்பட்டது. எஃகைக் குறிக்கும் "உக்கு" என்னும் கன்னட, தெலுங்குச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகப் பொதுவாகக் கூறப்படுகின்றது. தமிழின் "உருக்கு" என்ற சொல்லும் இதற்கு உறவுடையது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகளில், இரும்பும் உருக்கும் செய்த உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. ஊட்சு வாள்களில் காணப்படும் நீரலை போன்ற கோலம் எஃகுக்குள்ளேயே உருவாவது. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் இருப்பதால் இரும்புக் கார்பைடு வரிவரியாகத் திரண்டு இக்கோலம் அமைகின்றது என, ஜான் வெர்ஹோவன், ஆல்ஃபிரட் பென்ட்ரே ஆகியோர் 1998 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இரண்டாவது, வெவ்வேறு இரும்பு, எஃகுத் துண்டுகளை ஒன்றாக அடித்துப் பற்றவைத்துப் பெறும் அடுக்கு எஃகு. இங்கிலாந்தின் சட்டன் ஊ என்னும் இடத்தில் 1939 இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட வாள் இம்முறையில் ஆனது. பின்னர் பெரிதும் வழக்கொழிந்திருந்த இக்கலையை, அமெரிக்கக் கொல்லர் பில் மோரன் 1973 இல் தாம் காட்சிக்கு வைத்த கத்திகளால் மீண்டும் பரவச் செய்தார். கம்பிவட எஃகு இந்த இரண்டாம் வகையின் ஒரு கிளையாகும். ஊட்சுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு தொடர்பு இல்லை. "பண்டைய டமாஸ்கஸ் எஃகின் இரகசியம்" என்று கூறிக் கம்பிவடக் கத்திகளை விற்பது தவறான விளம்பரமே.

கம்பிவடத்தின் அமைப்பு

எஃகுக் கம்பிவடத்தின் முன்னோடியான இரும்புக் கம்பிவடத்தைச் செருமனியின் ஆர்ட்சு மலைப்பகுதியில் சுரங்க அலுவலரான வில்லெம் ஆல்பர்ட் 1834 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சுரங்கத்திலிருந்து கனிமத்தை மேலேற்றப் பயன்பட்ட சங்கிலிகள் முன்னறிவிப்பின்றி அறுந்து வந்ததே இதற்குக் காரணம். சங்கிலியில் ஒரு கண்ணி உடைந்தால் எல்லாம் போயிற்று. வடத்தில் சில கம்பிகள் அறுந்தாலும் மற்றவை சுமையைத் தாங்கும்.

தற்கால வடத்தில் பல கம்பிகள் முறுக்கப்பட்டு ஒரு புரி ஆகின்றன. பல புரிகள் ஒரு நடுத்தண்டைச் சுற்றி முறுக்கப்பட்டு வடம் ஆகின்றது. எடுத்துக்காட்டாக, 6x36 என்று குறிக்கப்படும் வடத்தில் 6 புரிகளும் புரி ஒன்றுக்கு 36 கம்பிகளுமாக 216 கம்பிகள் உள்ளன. நடுத்தண்டு 7x7 அமைப்புள்ள சிறிய எஃகு வடமாக இருந்தால் மேலும் 49 கம்பிகள் சேரும். வலிமை மிக்க வடங்களின் கம்பிகளில் கரிமம் பெரும்பாலும் 0.5 முதல் 0.85 விழுக்காடு வரை இருக்கும். கத்திக்கு ஏற்ற எஃகின் கரிம அளவும் இதனை ஒட்டியதே என்பதால்தான் கொல்லர்களின் கவனம் பழைய வடங்களின் மேல் விழுந்தது.

எல்லா வடங்களும் இதற்கு ஏற்றவையல்ல. மின்தூக்கி வடங்களில் வெளிக்கம்பிகள் மென்மையான எஃகாக இருப்பதுண்டு. நடுத்தண்டு சணலாகவோ நெகிழியாகவோ இருந்தால் அதனை முன்னரே நீக்கவேண்டும். துருப்பிடிக்கா எஃகு வடம், அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு காரணமாக வழக்கமான முறையில் பற்றாது. துத்தநாகம் பூசிய வடம் ஆபத்தானது. துத்தநாகம் 907° செ. வெப்பநிலையில் கொதிப்பது, பற்றவைக்கத் தேவையான வெப்பநிலையோ அதனினும் மிக உயர்வானது. வெளிப்படும் வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் போன்ற நோய் உண்டாகும். மிகுதியாகச் சுவாசித்தால் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம். இத்தகைய வடத்தைத் தவிர்ப்பதே நல்லது.

செய்முறை

வெட்டிய துண்டின் இரு முனைகளும் பிரிந்து போகாதவாறு மின்பற்றவைப்பால் இணைக்கப்படுகின்றன. வடத்தில் ஊறியுள்ள மசகெண்ணெய் எரித்துப் போக்கப்படுகின்றது. பின்னர் வடத்தைச் செந்நிறமாகச் சூடாக்கி, அதன் மீது வெண்காரம் தூவப்படுகின்றது. வெண்காரம் உருகிக் கம்பிகளுக்கிடையே ஓடி, அங்குள்ள இரும்பு ஆக்சைடைக் கரைத்துக்கொள்வதுடன் புதிய ஆக்சைடு உருவாவதையும் தடுக்கின்றது.

அடுத்து, ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் குறடால் பற்றி, வடம் முறுக்கப்பட்டுள்ள திசையிலேயே மேலும் முறுக்குவர். இதனால் புரிகள் ஒன்றையொன்று நெருக்கும். பெரும்பாலான வடங்களில் புரியின் முறுக்கும் வடத்தின் முறுக்கும் எதிரெதிர்த் திசையில் அமைந்தவை. ஆகவே, வடம் இறுகும்போது ஒவ்வொரு புரிக்குள்ளும் கம்பிகள் சிறிது தளர்கின்றன. முறுக்குவதால் மட்டும் இடைவெளிகள் முழுதும் மறையாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பற்றவைப்பு ஏறத்தாழ 1200° முதல் 1260° செ. வரையான வெப்பநிலையில், எஃகு பளிச்சென்ற மஞ்சள் நிறமாக இருக்கும்போது நிகழ்கின்றது. இவ்வெப்பநிலையில் எஃகு உருகுவதில்லை. தூய பரப்புகள் அழுத்தத்தால் நெருங்கி அணுக்கள் நேரடியாகப் பிணைகின்றன. தட்டையான பட்டடை மீது வட்டமான வடத்தை வைத்து ஓங்கி அடித்தால் புரிகள் இரு பக்கமும் பிதுங்கிப் பிரிந்துவிடும். தொடக்கநிலையில் பலரும் தவறுவது இங்கேதான். இதனைத் தவிர்க்க, V வடிவப் பள்ளமுள்ள அச்சில் வடத்தை வைத்து, சற்றுச் சற்றாகத் திருப்பி, மெல்லிய விரைவான அடிகளால் முதலில் இறுக்கவேண்டும். முதல் அடியிலேயே உருகிய வெண்காரம் சிதறித் தெறிக்கும். கண்ணுக்கும் கைக்கும் காப்பு இல்லாமல் இதில் இறங்கலாகாது.

கம்பிகள் மெல்லியவை என்பதால் உலையில் சற்று நேரம் கூடினாலும் வெளிக்கம்பிகள் பொறி கக்கி எரிந்துவிடும். வெப்பம் குறைந்தாலோ நடுவிலுள்ள கம்பிகள் பற்றாமல் நின்றுவிடும்.

இறுகும்போது வடம் எவ்வளவு சிறுக்கும் என்பதைக் கணக்கிடலாம். எஃகு நடுத்தண்டு கொண்ட வடத்தின் குறுக்குவெட்டில் ஏறத்தாழ 58 விழுக்காடே உலோகம், மீதி வெற்றிடம். 25 மி.மீ. விட்டமுள்ள வடத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு 491 சதுர மி.மீ.; அதில் உலோகம் சுமார் 285 சதுர மி.மீ. எனவே, நீளம் மாறாமல் இருந்தால், ஏறத்தாழ 17 மி.மீ. பக்கமுள்ள சதுரச் சட்டமே கிடைக்கும். செதிலாக உதிர்வதையும் கழித்தால் இன்னும் குறையும். சட்டம் இந்த அளவைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால், உள்ளே பற்றாத இடைவெளிகள் உள்ளன என்று கொள்ளலாம்.

கோலம் தோன்றும் விதம்

உலையில் சூடாகும்போது ஒவ்வொரு கம்பியின் மேற்பரப்பிலிருந்தும் கரிமம் ஆக்சிசனுடன் சேர்ந்து வெளியேறுகின்றது. இது கரிமநீக்கம் எனப்படும். இதனால் ஒவ்வொரு கம்பியும், கரிமம் மிகுந்த உள்ளகமும் கரிமம் குறைந்த மெல்லிய தோலும் உடையதாகின்றது. கம்பிகள் ஒட்டியபின் இத்தோல்கள் எஃகுக்குள் வலை போல நிற்கின்றன. பெரிக் குளோரைடு கரிமம் மிகுந்த பகுதியைக் கருமையாக்கும். வலையோ வெளிறியே இருக்கும். பற்றுகளில் சிக்கிய நுண்ணிய ஆக்சைடுத் துகள்களும் எல்லைகளைக் காட்டுவதுண்டு. ஆகவே, இங்கு கண்ணுக்குத் தெரியும் கோலம் பெரும்பாலும் எஃகு தன் கரிமத்தை இழந்த இடங்களின் வரைபடமே.

குறுக்குவெட்டில் கம்பிகள் நெருக்குண்ட பலகோணங்களாகத் தெரியும். நீளவாக்கில் தேய்த்தால், சாய்ந்து செல்லும் கம்பிகள் சாய்வாக வெட்டுப்பட்டு நீண்ட செதில்களாகின்றன. வடத்தை மேலும் முறுக்கினால் செதில்களின் சாய்வு கூடும். அதே சட்டத்தை மடித்து மீண்டும் மீண்டும் பற்றவைத்தால் கோலம் நுண்ணியதாகி மங்கும். இதற்குக் காரணம் மடிப்பு மட்டுமன்று. 1200° செ. வெப்பநிலையில் கரிமம் எஃகுக்குள் விரைந்து பரவக்கூடியது; பத்து நிமிடங்களில் கால் மில்லிமீட்டர் அளவு தொலைவை எட்டும். கம்பியின் தடிமனே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் என்பதால், நீண்ட நேரம் சூடாக்கினால் தோலுக்கும் உள்ளகத்துக்கும் இடையேயான வேறுபாடு குறைகின்றது. பளிச்சென்ற கோலம் வேண்டுவோர், ஏறத்தாழ 2 விழுக்காடு நிக்கல் கொண்ட ரம்பத் தகட்டு எஃகைப் புரிகளுக்கிடையே வைப்பதுண்டு. நிக்கல் கரிமத்தைப் போல எளிதில் பரவாது.

தரம்

கம்பிவட எஃகு சாதாரண எஃகைவிட வலியது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. வடம் பல டன் சுமையைத் தாங்கியது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் கம்பியின் அவ்வலிமையில் பெரும்பகுதி, அதனைக் குளிர்நிலையில் அச்சுகளின் வழியே இழுத்து மெலிதாக்கியதால் பெறப்பட்டது. உலையில் ஏறிய கணமே அது அழிந்துவிடுகின்றது. எஞ்சுவது கரிமத்தின் அளவு மட்டுமே. அதிலும் ஒரு பகுதி இழக்கப்படுகின்றது. சுமார் 800° செ. வரை சூடாக்கி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கும்போது, கரிமம் குறைந்த இடங்கள் மற்றவற்றின் அளவுக்குக் கடினமாவதில்லை.

நூற்றுக்கணக்கான பற்றுகளில் ஒன்று தவறினாலும் விளிம்பில் பிளவு தோன்றலாம். கத்தியைத் தேய்த்து முடிக்கும் நிலையில்தான் அது பெரும்பாலும் வெளிப்படும். மேலும், பழைய வடத்தில் இருப்பது எந்த எஃகு என்பதற்குச் சான்று கிடைப்பது அரிது. எனவே, கவனமுள்ள கொல்லர்கள் முதலில் ஒரு சிறு துண்டைக் கடினமாக்கி, அரத்தால் தேய்த்தும் உடைத்தும் சோதிக்கின்றனர். அரம் வழுக்கினால் எஃகு கடினமாகியுள்ளது எனலாம். சிலர், கரிமம் மிகுந்த ஒற்றை எஃகுத் தகட்டை நடுவில் வைத்து, இருபுறமும் கம்பிவட எஃகைப் பற்றவைக்கின்றனர். அப்போது வெட்டும் விளிம்பு நடுத்தகட்டிலிருந்து அமைகின்றது. கோலம் பக்கங்களில் மட்டும் இருக்கும்.