பாறையில் வழுக்க வேண்டிய வயிறு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஓர் ஊர். ஊருக்குக் கிழக்கே ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் வெளிர்சிவப்பு மணற்பாறை. ஜுராசிக் காலத்துப் பாலைவன மணல்மேடுகள் இறுகிக் கல்லானவை அவை. புவியியலாளர்கள் நவாஹோ மணற்பாறை என்கிறார்கள். இந்தப் பாறை முதுகுகளில் ஏறி இறங்குவதற்காகவே நான்கு சக்கர குவாட் பைக் ஓட்டிகள் அங்கே வருகிறார்கள்.

படிபோல ஒடிந்த ஒரு பாறை விளிம்பில் வண்டி இறங்குகிறது என்று வையுங்கள். முன்சக்கரங்கள் கீழே போய்விட்டன. பின்சக்கரங்கள் இன்னும் மேலே இருக்கின்றன. வண்டியின் வயிறு விளிம்பின் மீது உட்கார்ந்துவிடுகிறது. பெரும்பாலான குவாட்களில் தரைக்கும் வயிற்றுக்கும் இடைவெளி 25 முதல் 30 செ.மீ. வரைதான். அது தீர்ந்துபோன அந்த நொடியில் பாறைக்கும் என்ஜினுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே, ஓட்டி வண்டியில் திரும்புவாரா வண்டியை இழுத்துக்கொண்டு திரும்புவாரா என்பது முடிவாகும்.

என்ஜினின் கீழ்ப்பாகம் வார்ப்பு அலுமினியம். அடி விழுந்தால் எஃகுபோல வளைந்து கொடுக்காது, விரிசல் விட்டுவிடும். விரிசல் வழியே ஆயில் வடிந்தால் கதை முடிந்தது. ஆயில் வடிக்கும் போல்ட் பல வண்டிகளில் சரியாக வயிற்றின் அடியிலேயே இருக்கிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கிற வண்டியாக இருந்தால் டிஃபரன்ஷியல், சிவி ஜாயிண்ட்களை மூடியிருக்கும் ரப்பர் பூட் என்று இன்னும் பல உறுப்புகள் வெளியே தெரியும்படி இருக்கும். பந்தய வகை குவாட்களில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே ஆக்சில் இணைக்கிறது. அதில் மாட்டிய செயின் ஸ்பிராக்கெட்டும் பிரேக் டிஸ்க்கும்தான் வண்டியிலேயே தாழ்வான இடங்கள். கம்பெனியிலிருந்து வரும்போது அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மூடி சேற்றையும் சிறு கற்களையும் தடுக்கும். பாறை விளிம்பிடம் அது செல்லாது. எனவே பாறைக்குப் போகிறவர்கள் தனியாக அடித்தகடு வாங்கி மாட்டுகிறார்கள். ஓட்டிகள் அதை ஸ்கிட் பிளேட் என்பார்கள்.

எந்தத் தகடு? ‘இருப்பதிலேயே கடினமானது எதுவோ அது’ என்றுதான் முதலில் தோன்றும். இயற்பியல் வேறு விதமாகப் பேசுகிறது.

ஓட்டியோடு சேர்த்து 400 கிலோ எடையுள்ள வண்டி. அதில் பாதி எடை 30 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கி வயிற்றில் மோதுகிறது என்றால், அந்த மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 590 ஜூல். அந்த ஆற்றல் முழுவதும் 1 செ.மீ. தூரத்துக்குள் அடங்க வேண்டுமானால், பாறை தகட்டின் மீது செலுத்தும் சராசரி விசை 6 டன் எடைக்குச் சமம். அதே தகடு 3 செ.மீ. அமுங்கிக் கொடுத்தால் விசை 2 டன்னாகக் குறைந்துவிடும். அசையாமல் நிற்கிற கவசம் முழு அடியையும் வாங்கி, போல்ட்கள் வழியே சட்டகத்துக்கு அப்படியே அனுப்புகிறது. கொடுத்து மீள்கிற கவசம் அடியை நீட்டித் தணிக்கிறது.

இது செங்குத்தாக விழும் அடி. நான் அதைவிட முக்கியமாக நினைப்பது உராய்வு. மணற்பாறையின் துகள்கள் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. அலுமினியத்துக்குச் சுமார் 3, சாதாரண எஃகுக்கு 4. உப்புத்தாளில் தேய்ப்பதுபோல இந்தப் பாறை இரண்டையுமே அரைத்துவிடும். மென்மையான அலுமினியத்தில் குவார்ட்ஸ் துகள்கள் குத்திக்கொண்டு உழும். வண்டி முன்னால் போக வேண்டிய நேரத்தில் தகடு பாறையைக் கவ்விப் பிடித்து நிறுத்திவிடும். சக்கரங்கள் அந்தரத்தில் சுற்ற, வண்டி விளிம்பில் மாட்டிக்கொள்ளும். அலுமினியத் தகடு பூட்டிய வண்டி பாறையில் இறங்கும்போது கிரீச்சென்று காது கூசும் ஓசை வருவதும் இதனால்தான்.

இங்கேதான் ஒரு பிளாஸ்டிக் களத்துக்கு வருகிறது. கடைகளில் யு.எச்.எம்.டபிள்யூ என்று விற்கப்படும் இது, பாலித்தீன் பையின் நெருங்கிய உறவு. பையில் இருப்பதும் இதில் இருப்பதும் ஒரே வேதிச் சங்கிலிதான்; நீளம்தான் வேறு. இதன் மூலக்கூறு எடை 30 லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு நீளமான சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஒன்றைப் பிய்த்தெடுப்பதே பெரும்பாடாக இருப்பதால்தான் தேய்மானத்துக்கு இது அப்படி ஈடுகொடுக்கிறது. மெருகேற்றிய எஃகின் மீது இதன் உராய்வுக் குணகம் 0.1 முதல் 0.2 வரை. உருகினாலும் ஓடாது என்பதால் சாதாரண பிளாஸ்டிக் சாமான்கள்போல அச்சில் ஊற்றி வார்க்க முடியாது. பொடியை அழுத்திச் சூடாக்கிப் பலகையாக்கி, பிறகு வெட்டிக் கடைகிறார்கள்.

இந்தப் பொருளின் திறமை முதலில் பளிச்சென்று தெரிந்தது வாகனத்தில் அல்ல, மனித இடுப்பில். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்திவந்தார். கிண்ணத்துக்கு அவர் பயன்படுத்திய டெஃப்லான் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, நோயாளிகள் வலியோடு திரும்பி வந்தார்கள். 1962இல் ஒரு விற்பனையாளர் நெசவுத்தறிப் பற்சக்கரங்களுக்கான புதிய பிளாஸ்டிக் ஒன்றைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார். அவருடைய ஆய்வக உதவியாளர் ஹாரி கிரேவனுக்கு மனம் கேட்கவில்லை. தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. நகக்கீறலுக்கு மெத்தென்று இருந்த அந்தப் பொருளின் வழிவந்தவைதான் இன்றும் லட்சக்கணக்கானவர்களின் இடுப்பிலும் முழங்காலிலும் உழைக்கின்றன.

குவாட் வயிற்றிலும் அதே குணங்கள்தான் கைகொடுக்கின்றன. பாறை விளிம்பில் உட்கார்ந்த வண்டி சர்ரென்று வழுக்கி இறங்கிவிடும். தகட்டைக் கழற்றிப் பார்த்தால் நீளவாக்கில் கோடுகளும் ஆங்காங்கே சிறு சுருள்களும் இருக்கும், அவ்வளவுதான். கடும்பனியிலும் இது நொறுங்காது. கண்ணாடிபோல் உறைந்து உடையும் நிலையை அடைய இதற்கு மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போக வேண்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 12.7 மி.மீ. கனமுள்ள இந்தப் பலகையும் 4.8 மி.மீ. அலுமினியத் தகடும் ஏறத்தாழ ஒரே எடை: சதுர மீட்டருக்கு 12, 13 கிலோ. (3 மி.மீ. எஃகு என்றால் 23 கிலோவுக்கு மேல்.) ஆனால் வளையாமல் நிற்பதில் அலுமினியம் இதைப்போல ஐந்து மடங்கு. பலகை தானாக நிற்காது. உள்பக்கத்தில் சட்டகக் குழாய்கள் நெருக்கமாகத் தாங்க வேண்டும். தாங்கல் இல்லாத இடத்தில் பலகை உள்ளே குழிந்து என்ஜினைத் தொட்டால், பாறையின் அடி நேரே என்ஜினுக்குத்தான். வாங்கும் முன் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்து, ஆயில் போல்ட்டுக்கும் பலகைக்கும் எவ்வளவு இடைவெளி கிடைக்கும் என்று அளந்துகொள்வது நல்லது.

வெப்பம் இன்னொரு சிக்கல். ஒரு மீட்டர் நீளப் பலகை 40 டிகிரி சூடேறினால் சுமார் 8 மி.மீ. நீளும். அலுமினியம் 1 மி.மீ.கூட நீளாது. அதனால் நல்ல தயாரிப்புகளில் போல்ட் துளைகளை நீள்வட்டமாக வெட்டி, அகலமான வாஷர் போட்டிருப்பார்கள். வட்டத் துளையில் இறுக்கி முறுக்கினால் வெயிலில் பலகை நெளிந்து அலைபோல நிற்கும். தொடர்ந்து அழுத்தினால் மெல்ல மெல்ல வழிந்துகொடுக்கும் சுபாவமும் இதற்கு உண்டு. இரண்டு மூன்று சவாரிக்குள் போல்ட்கள் தளர்ந்திருக்கும், திரும்ப முறுக்க வேண்டும். புகைக்குழாய்க்கு அருகில் வரும் இடத்தை வெட்டிவிட்டோ உலோகத் தடுப்பு வைத்தோதான் மாட்ட வேண்டும், 135 டிகிரி வாக்கில் இது உருகிவிடும். பசை ஒட்டாது.

போல்ட் தலை சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தகடு எவ்வளவு வழுக்கினாலும் அடியில் துருத்திய ஒரே ஒரு போல்ட் தலை போதும், பாறை அதைப் பிடித்துக்கொள்ள. சில சவாரிகளில் தலையின் விளிம்புகள் மழுங்கி, ஸ்பேனர் பிடிக்காமல் போகும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பலகை கனமானது என்பதால் தலையை முழுதாக உள்ளே புதைக்கலாம். மெல்லிய அலுமினியத்தில் அது கஷ்டம்.

அப்படியானால் அலுமினியம் யாருக்கு? சேறு, மரக்கட்டை, வேர், எப்போதாவது ஒரு கல் என்று ஓட்டுகிற பண்ணைக்காரருக்கும் காட்டுப்பாதைக்காரருக்கும் அது போதும். விலை பெரும்பாலும் குறைவு. குழிந்தால் கழற்றிச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், கிழிந்தால் வெல்டிங் வைக்கலாம். வாங்கும்போது உலோகக் கலவை எது என்று கேளுங்கள். 5052 என்றால் வளைந்து கொடுக்கும். 6061-டி6 அதைவிட வலுவானது, ஆனால் கூர்மையாக மடித்த இடங்களில் விரிசல் விட வாய்ப்பு அதிகம். அடித்தகட்டுக்கு நான் 5052ஐயே விரும்புவேன். எஃகு, எடையைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு. பாறையே வழி என்று இருப்பவர்கள் கூடுதல் பணம் கொடுத்துப் பலகைக்கே போகலாம். பந்தய குவாட் என்றால் நடு வயிற்றுக்கு முன்பாகவே ஸ்பிராக்கெட்டையும் டிஸ்க்கையும் காக்கும் ஸ்விங் ஆர்ம் தகட்டைப் பாருங்கள். ஆனால் அது சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் பாகம். அங்கே கூடும் ஒவ்வொரு கிலோவும் சஸ்பென்ஷனை மந்தமாக்கும், எனவே லேசானதாக இருக்கட்டும்.

எந்தத் தகடானாலும் வயிற்றை முழுக்க மூடினால் உள்ளே சேறும் காய்ந்த புல்லும் சேரும். அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு ஈரச் சேற்றோடு விட்டால், போல்ட்டைச் சுற்றி அலுமினியம் அரித்துப்போகும். புல் இன்னும் ஆபத்து: சூடான புகைக்குழாய்மேல் படிந்து பற்றிக்கொள்ளும். தண்ணீர் வடியவும் குழாய் விட்டுக் கழுவவும் போதுமான துளைகள் இருக்கின்றனவா, தகட்டைக் கழற்றாமலே ஆயில் மாற்றத் தனித் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புல்வெளியில் ஓட்டிய நாளில், என்ஜின் ஆறியதும் உள்ளே கைவிட்டுத் துழாவிச் சேர்ந்ததை எடுத்துவிட்டே வண்டியைக் கொட்டகையில் விடுங்கள்.